டூர் ஏஜென்சியில் கமிஷனுக்கு வேலை: காவிரி டெல்டாவில் புதிதாக இறங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கும்பகோணத்தில் ஒரு டூர் ஏஜென்சிக்குக் கமிஷன் அடிப்படையில் பயண ஆலோசகராக இருக்கிறேன். சம்பளம் கிடையாது. புக்கிங் முடிந்தால்தான் வருமானம். எனக்குப் பின் சேர்ந்தவர்களில் பலர் ஆறே மாதத்தில் விட்டுவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பேசத் தெரியாமல் இல்லை. வேலையை வரிசை மாற்றிச் செய்ததுதான் காரணம். போன் வந்ததும் விலையைச் சொல்வார்கள், பிறகு கேள்வி கேட்பார்கள், கடைசியில் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். அதற்குள் லாபம் கரைந்திருக்கும்.

வாடிக்கையாளர் வீடு திரும்பி, பாக்கி எதுவும் நிற்காமல் இருக்கும்போதுதான் கமிஷன் உங்கள் பணம். அதுவரை அது காகிதத்தில் இருக்கும் எண். கீழே உள்ள வரிசை அந்த எண்ணைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

1. சேரும் முன் கமிஷனை எழுத்தில் வாங்குங்கள்

"எத்தனை சதவீதம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சேர்ந்துவிடுகிறார்கள். "எதில் சதவீதம்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 12 பேருக்கு டெம்போ டிராவலர், இரண்டு இரவு ரூம், சாப்பாடு எல்லாம் சேர்த்து பேக்கேஜ் விலை 60,000 ரூபாய். ஏஜென்சியின் அடக்கம் 51,000. மீதி லாபம் 9,000. விற்பனையில் 5 சதவீதம் என்று பேசியிருந்தால் உங்களுக்கு 3,000. லாபத்தில் 30 சதவீதம் என்றால் 2,700. பார்க்க இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இப்போது வாடிக்கையாளர் கேட்டார் என்று 3,000 ரூபாய் குறைக்கிறீர்கள். விற்பனைக் கணக்கில் உங்கள் பங்கு 2,850 ஆகிறது, 150 ரூபாய்தான் குறைவு. லாபக் கணக்கில் மீதி 6,000 மட்டுமே, அதில் 30 சதவீதம் 1,800. விலையில் 5 சதவீதம் விட்டுக்கொடுத்ததற்கு உங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. எந்த முறையில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று தெரியாமல் தள்ளுபடி பேசவே கூடாது.

இதோடு நான்கு விஷயங்களும் எழுத்தில் வர வேண்டும். கமிஷன் எந்தத் தேதியில் கிடைக்கும்: அட்வான்ஸ் வந்ததுமா, முழுப்பணம் வந்ததுமா, டூர் முடிந்த பிறகா? கேன்சல் ஆனால் கொடுத்த கமிஷனைத் திரும்பப் பிடிப்பார்களா? அலுவலகத்துக்கு வந்த விசாரணைக்கும் நீங்களே பிடித்து வந்த பார்ட்டிக்கும் ஒரே சதவீதமா? நீங்கள் விலகினால், நடந்துகொண்டிருக்கும் புக்கிங்குகளின் கமிஷன் என்ன ஆகும்?

நான் முதல் வருடம் இதை எழுதி வாங்கவில்லை. ஐப்பசியில் கிளம்ப வேண்டிய பெரிய குடும்பக் குழு ஒன்று, விடாத மழையால் பயணத்தையே ரத்து செய்தது. முன்பே வாங்கிச் செலவழித்திருந்த கமிஷனை, அப்போது இருந்த ஏஜென்சி அடுத்த இரண்டு மாதப் பணத்தில் பிடித்துக்கொண்டது. அவர்கள் செய்தது சரியா தவறா என்று வாதாடக்கூட என்னிடம் ஒரு காகிதம் இல்லை. வாட்ஸ்அப்பில் நான்கு வரி வாங்கியிருந்தாலும் போதும்.

2. கையில் இருக்க வேண்டியவை

பான் கார்டு கட்டாயம். ஒரே நிறுவனத்திடமிருந்து வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் கமிஷன் வந்தால் 2 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். பான் கொடுக்கவில்லை என்றால் 20 சதவீதம் போகும். பிடித்த பணம் தொலைந்துவிடாது. வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம்.

வேலைக்கென்று தனி நம்பர், தனி நோட்டு. மூன்று மாத வீட்டுச் செலவுக்குப் பணம். கடைசியாகச் சொன்னது இல்லாமல் இறங்கினால் பதற்றத்தில் எந்தப் பார்ட்டியையும் பிடிக்கப் பார்ப்பீர்கள், வரக்கூடாத பார்ட்டியும் வந்து சேரும்.

3. விற்பதற்கு முன் உங்கள் சுற்றை நீங்களே ஓடிப் பாருங்கள்

டெல்டாவில் புதியவர் கையில் முதலில் வருவது நவக்கிரகச் சுற்றுதான். வெளியூர்க்காரர்கள் கும்பகோணத்தில் இறங்கியதும் கேட்பது அது. சூரியன், சந்திரன், செவ்வாய் என்று கிழமை வரிசையில் கோயில்களை அடுக்கிப் பயணத்திட்டம் கொடுக்கிற புதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிப் போனால் வண்டி குறுக்கும் நெடுக்கும் அலையும். சாலைதான் வரிசையை முடிவு செய்யும்.

ஒரே நாளில் ஒன்பதும் வேண்டுமென்றால் காலை 5 மணிக்குக் கிளம்ப வேண்டும். முதலில் மேற்கே திங்களூர். திரும்பி ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், அங்கிருந்து வைத்தீஸ்வரன்கோயில். இந்த ஆறும் உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்துவதற்குள் முடிய வேண்டும். பெரும்பாலான கோயில்களில் பகல் 12, 12.30க்கு மேல் மாலை 4 வரை நடை திறந்திருக்காது. மாலையில் திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியாகத் திருநள்ளாறு.

ஓடினால் முடியும். ஆனால் 70 வயது அம்மாவை வைத்துக்கொண்டு ஓட முடியாது. வயதானவர்கள் இருந்தால் நான் இரண்டு நாளாகத்தான் கொடுக்கிறேன்: முதல் நாள் திங்களூர் முதல் கஞ்சனூர் வரை ஐந்து, இரவு கும்பகோணம், மறுநாள் மீதி நான்கு. ரூம் கமிஷனுக்காகச் சொல்கிறேன் என்று நினைப்பார்கள். காலை 9 மணிக்கே கால் வலித்து உட்கார்ந்துவிட்ட ஒருவரை வைத்துக்கொண்டு மீதிக் கோயில்களைப் பார்க்க முடியாது என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

இந்த வரிசையையும் மாற்ற வேண்டிய நாட்கள் உண்டு. திருநாகேஸ்வரத்தில் ராகு காலப் பாலபிஷேகம் பார்க்க வேண்டும் என்றால் கிழமையைப் பாருங்கள். திங்கள்கிழமை 7.30 முதல் 9 வரை, காலைச் சுற்றிலேயே அடங்கும். ஞாயிறு என்றால் மாலை 4.30 முதல் 6 வரை. அன்று திருநாகேஸ்வரத்தை மாலைக்குத் தள்ள வேண்டும், ஒரே நாளில் ஒன்பது என்ற பேச்சையே விட்டுவிட வேண்டும். சனிக்கிழமை திருநள்ளாற்றில் கூட்டம், வியாழக்கிழமை ஆலங்குடியில் கூட்டம்.

திருநள்ளாறு காரைக்காலில், அதாவது புதுச்சேரி எல்லைக்குள் இருக்கிறது. அகில இந்திய பர்மிட் இல்லாத வாடகை வண்டி அங்கே நுழையத் தனி பர்மிட் எடுக்க வேண்டும். வண்டி பேசும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் செக்போஸ்ட்டில் டிரைவர் உங்களுக்குத்தான் போன் செய்வார்.

பெயர்ச்சித் தேதியில் இன்னொரு சிக்கல். திருநள்ளாறு கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறது. 2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்று, திருக்கணிதம் என்ற இன்னொரு பஞ்சாங்க முறைப்படி பல காலண்டர்களில் இருந்தது. அன்று பெயர்ச்சி விழா இல்லை, வாக்கியப்படி 2026ல்தான் என்று கோயில் தரப்பில் அறிவித்தார்கள். காலண்டரைப் பார்த்து வண்டியும் ரூமும் போட்டவர்கள் தவித்தார்கள். கோயில் அலுவலகத்தைக் கேட்காமல் விழாத் தேதிக்கு அட்வான்ஸ் வாங்காதீர்கள்.

அதே போனில் "கோயிலில் பாலாலயம் ஏதும் நடக்கிறதா?" என்றும் கேளுங்கள். குடமுழுக்குத் திருப்பணிக்காகப் பாலாலயம் செய்திருந்தால் மூலவர் தரிசனம் இருக்காது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவரிடம் அதைக் கோயில் வாசலில் நின்று சொல்லும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

கும்பகோணத்திலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகம் நவக்கிரகச் சுற்றுக்கு விடும் சிறப்புப் பேருந்து 2024 பிப்ரவரியில் 750 ரூபாய் கட்டணத்தில் தொடங்கியது. இதை வாடிக்கையாளரிடம் மறைக்க வேண்டாம். நல்ல உடம்போடு கணவன், மனைவி இருவர் மட்டும் வந்தால், பஸ்ஸே போதும் என்று நானே சொல்லிவிடுகிறேன். அப்படி அனுப்பியவர்கள் அடுத்த முறை பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வரும்போது என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

4. விலை கேட்டு வரும் போனுக்குக் கேள்வியால் பதில் சொல்லுங்கள்

"தம்பி, காசிக்குப் போயிட்டு வர ஆளுக்கு எவ்ளோ ஆவும்?"

"சொல்றேங்கம்மா. மொத்தம் எத்தன பேரு வர்றீங்க? மூட்டு வலி, மூச்சுத் திணறல் யாருக்காவது இருக்கா?"

இந்த இரண்டு வரியில்தான் புக்கிங் தொடங்குகிறது. விலையை முதலில் சொன்னால், அவர் மனதில் நிற்பது அந்த எண் ஒன்றுதான். அதற்கு மேல் நீங்கள் சேர்ப்பது எல்லாம் ஏமாற்று வேலையாகத் தெரியும்.

கேட்க வேண்டியவை: பேர் எத்தனை, வயது என்ன. படி ஏற முடியுமா. எந்த வகைக் கழிப்பறை வேண்டும் (இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், பெரியவர்களுக்கு ரூம் பிடிக்கும்போது இதுதான் முதல் விஷயம்). வெங்காயம், பூண்டு சேர்ப்பார்களா. போகும் தேதி மாறக்கூடியதா, வேண்டுதலா. முடிவு எடுப்பவர் யார், பணம் அனுப்புபவர் யார். நம் பக்கத்தில் பெரும்பாலும் அம்மா பேசுவார், சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் மகன் பணம் அனுப்புவார். இருவரும் கேட்கும்படி ஒரு முறையாவது பேசிவிடுங்கள். அம்மாவுக்குச் சரியென்று பட்டது மகனுக்கு அதிக விலையாகத் தெரியலாம்.

காசி என்றால் கயாவில் பிண்டம் வைக்கிறார்களா என்றும் கேளுங்கள். மூன்று தலைமுறைப் பெயர்கள், கோத்திரம் எல்லாம் ஊரிலேயே எழுதி எடுத்துக்கொண்டு போக வேண்டும். விசுவநாதர் கோயிலுக்குள் மொபைல் கொண்டு போக முடியாது, கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளில் வண்டி நுழையாது. நடக்க முடியாதவருக்கு இந்த இரண்டையும் முதல் போனிலேயே சொல்லிவிட வேண்டும்.

திருக்கடையூர் மணிவிழாவில் தவறு வேறு மாதிரி வரும். 60 முடிந்து, பிறந்த தமிழ் மாதத்தில் ஜன்ம நட்சத்திரம் வரும் நாளில் செய்வதுதான் வழக்கம். ஆதாரில் இருக்கும் பிறந்த தேதியை வைத்து ரூம் போட்டுவிட்டு, பிறகு குடும்ப ஜோசியர் வேறு நாள் சொல்ல, மொத்தத்தையும் மாற்றிய கதைகள் நிறைய. நட்சத்திரத்தை வீட்டுப் பெரியவரிடம் உறுதி செய்த பிறகே தேதியைத் தொடுங்கள்.

5. கணக்குப் போட்டு விலை கட்டுவது

நெட் விலை (ஏஜென்சிக்கு ஆகும் அடக்கம்) ஒரு பக்கம், விற்பனை விலை ஒரு பக்கம் என்று நோட்டில் பிரித்து எழுதுங்கள். மனக்கணக்கு வேண்டாம்.

வண்டியில்தான் அதிகம் தவறுகிறார்கள். கிலோமீட்டர் ரேட்டை மட்டும் பார்ப்பார்கள். ஒரு நாளைக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் எவ்வளவு என்று கேட்க வேண்டும், ஓடாவிட்டாலும் அதற்குக் காசு உண்டு. மீட்டர் ஷெட்டிலிருந்து தொடங்குகிறதா, பிக்கப் இடத்திலிருந்தா? திருச்சி விமான நிலையத்தில் பார்ட்டியை ஏற்ற கும்பகோணத்து வண்டியை அனுப்பினால், போகும் வழியிலேயே சுமார் 100 கிலோமீட்டர் ஓடிவிடும். டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், பர்மிட், மலைப்பகுதிக்குத் தனிக் கட்டணம். இவை ஒவ்வொன்றும் தனித்தனி வரி.

ரூமில் காலை டிபன் சேர்ந்ததா, எக்ஸ்ட்ரா பெட் எத்தனை, செக்அவுட் எத்தனை மணி. அதிகாலை 4 மணிக்கு வந்து இறங்கும் குடும்பத்துக்கு 12 மணி செக்இன் ரூம் போட்டால் ஒரு இரவு வாடகை கூடும்.

பேக்கேஜுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. விலைக்குள் மறைக்காமல் தனியாகக் காட்டுங்கள். வெளிநாட்டுப் பேக்கேஜ் என்றால் அதற்கு மேல் டிசிஎஸ் என்று ஒரு தொகை வசூலிப்பார்கள். அது வாடிக்கையாளரின் பான் எண்ணில் சேரும், வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று விளக்குங்கள். விளக்காமல் விட்டால் நீங்கள் கூடுதலாக வாங்கியதாக நினைப்பார்கள்.

6. எழுத்தில் கொட்டேஷன், ஏஜென்சி கணக்கில் அட்வான்ஸ்

கொட்டேஷனில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதைவிட என்ன சேரவில்லை என்பதைத் தெளிவாக எழுதுங்கள். அர்ச்சனை, சிறப்புத் தரிசனக் கட்டணம், படகு, மதியச் சாப்பாடு. சண்டை இங்கேதான் வரும். விலை எத்தனை நாள் செல்லும், எந்த நாளுக்குள் ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்போம் என்பதும் இருக்க வேண்டும்.

அட்வான்ஸை உங்கள் சொந்த ஜிபே எண்ணில் வாங்காதீர்கள். "அண்ணே, உங்களுக்கே அனுப்பிடுறேன், உங்களத்தான் தெரியும்" என்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பணம் உங்கள் கணக்கில் விழுந்த நிமிடம், டூரில் எது கெட்டாலும் பொறுப்பு உங்கள் தலையில். வருமான வரிக்கும் அது உங்கள் வரவாகத் தெரியும். ஏஜென்சி கணக்கு எண்ணைக் கொடுங்கள், ரசீதை நீங்களே கேட்டு வாங்கி அனுப்புங்கள்.

அட்வான்ஸ் வராமல் ரூம் பிளாக் செய்வது இன்னொரு தவறு. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அந்த நாட்களில் ரூம் சும்மா நிற்காது. வாய் வார்த்தையை நம்பிப் பிடித்து வைத்தால் லாட்ஜ்காரர் அடுத்த முறை உங்கள் போனை எடுக்க மாட்டார்.

7. டிக்கெட்டும் பெயரும்

ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாட்களாக இருந்ததால் பெரியவர்கள் இன்னும் பழைய கணக்கிலேயே பேசுவார்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையையும் கேட்பார்கள். இல்லை என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

கட்டணச் சலுகை போனாலும் கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது. 60 வயது நிரம்பிய ஆண்கள், 45 வயது நிரம்பிய பெண்கள், ஒரு டிக்கெட்டில் அதிகபட்சம் இரண்டு பேர். ஆறு பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் இந்த ஒதுக்கீடு கிடைக்காது. தாத்தா, பாட்டியை மட்டும் தனி டிக்கெட்டாகப் போடுங்கள். இதை மட்டும் சரியாகச் செய்தாலே அந்தக் குடும்பம் உங்களை மறக்காது.

உங்கள் சொந்த ஐஆர்சிடிசி ஐடியில் டிக்கெட் எடுத்து, மேலே காசு வைத்து விற்பது ரயில்வே சட்டத்தின் 143வது பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். ஏஜென்சியின் அங்கீகரிக்கப்பட்ட ஐடியில் மட்டும் எடுங்கள். தத்காலை நம்பி டூர் கட்டவும் வேண்டாம். 2025 ஜூலையிலிருந்து, தத்கால் திறந்த முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்டுகள் டிக்கெட் எடுக்க முடியாது. ஏசிக்கு 10.30, ஸ்லீப்பருக்கு 11.30 ஆகும்போது என்ன மிச்சமிருக்கும்?

வெளிநாடு என்றால் எல்லாவற்றுக்கும் முன் பாஸ்போர்ட் படம் வாங்குங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் ஒருவருக்கு அப்பா பெயர் விரித்து எழுதியிருக்கும், இன்னொருவருக்குக் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். அவர் வாயால் சொல்வதை வைத்து டிக்கெட் போட்டால் பெயர் தவறும். விமான டிக்கெட்டில் பெயர் திருத்தம் சுலபமில்லை, பல சமயம் ரத்து செய்து புதிதாக எடுக்க வேண்டிவரும். அந்தச் செலவு உங்கள் கமிஷனில்தான் பிடிக்கப்படும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் சுற்றுலா விசாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அப்படிப்பட்ட பாஸ்போர்ட் கண்ணில் பட்டால் விசா கிடைக்குமா என்று விசாரிக்கும் முன் டிக்கெட் எடுக்காதீர்கள்.

காலாவதிக்கு ஆறு மாதமாவது இருக்கிறதா பாருங்கள். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். கட்டணம் இல்லாதது. போலித் தளங்களில் காசு கட்டி ஏமாந்துவிடாமல் நீங்களே உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள்.

8. கிளம்புவதற்கு முந்தைய நாள்

டிரைவர் பெயர், நம்பர், வண்டி எண், பிக்கப் நேரம் எல்லாம் ஒரே மெசேஜில். அதையே டிரைவருக்கும் அனுப்புங்கள். லாட்ஜுக்கு நீங்களே போன் செய்து ரூம் எண்ணிக்கையை உறுதி செய்யுங்கள், வவுச்சர் போய்விட்டதே என்று இருக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை என்றால் வானிலை அறிவிப்பையும் பாருங்கள். நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் புயல் எச்சரிக்கை இருந்தால், தேதியை மாற்றலாமா என்று முதலில் கேட்பவர் நீங்களாக இருங்கள். 2018 நவம்பர் 16 கஜா புயலைப் பார்த்தவர்கள் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

9. திரும்பி வந்த பிறகு

இரண்டு நாள் கழித்து, அலுப்பு தீர்ந்ததும் போன் செய்யுங்கள். குறை ஏதாவது இருந்தால் அப்போது உங்களிடம் சொல்வார்கள். விட்டுவிட்டால் ஊரில் சொல்வார்கள்.

டிரிப் ஷீட்டில் ஓடிய கிலோமீட்டர், கூடுதல் செலவு, வர வேண்டிய பாக்கி மூன்றையும் பார்த்து, கமிஷன் கணக்கை அந்த வாரமே எழுதிக் கொடுங்கள். மாதக் கடைசிக்குத் தள்ளினால் எந்த டூரில் என்ன கழித்தார்கள் என்று உங்களுக்கே ஞாபகம் இருக்காது. டிடிஎஸ் பிடித்திருந்தால் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வருமான வரித் தளத்தில் அந்தத் தொகை உங்கள் பானில் ஏறியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

அப்புறம், அடுத்த போன் எப்போது செய்ய வேண்டும் என்று அந்தப் பெயருக்கு நேராகக் குறித்து வையுங்கள். நம் பகுதியில் அதை நெல் தீர்மானிக்கிறது. சம்பா அறுவடை தை, மாசியில் முடிந்து பணம் கைக்கு வரும். மேட்டூர் அணையை ஜூன் 12ல் திறப்பது வழக்கம், அதுவரை வயலில் வேலை குறைவு. வடக்கே மூடுபனியில் ரயில்கள் தாமதமாவதும் மாசி, பங்குனியில் குறைந்துவிடும். அதனால் காசிக்கு ஏற்ற காலம் அதுதான். 60 நாள் முன்பதிவைக் கணக்கில் வைத்தால் பேச்சை மார்கழியிலேயே தொடங்க வேண்டும். கதிர் முற்றி நிற்கும் நேரம், மாலையில் வீட்டில் இருப்பார்கள், 7 மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.